பின்சீட்டுக்காரர் சொன்னார்

மார்ச் 3

பூனைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டாலும் சொல்லமாட்டாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, கடிதத்தில் என்றால் சண்டை வர நாலு நாளாவது ஆகும் என்று நீ சொன்னதை நம்பித்தான் ரெண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சண்டை இல்லை. ஒரு யோசனை வேண்டும்.

எங்கள் கம்பெனி துறைமுகத்துப் பக்கம் புது ஆலை கட்டியது உனக்குத் தெரியும். உயரமான பெரிய கார்கள் எல்லாம் இனி அங்கேதான். இங்கே எங்களுக்குச் சின்ன கார் மட்டும். அதையும் எத்தனை நாளைக்குச் செய்வார்கள் என்று கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. போன வாரம் ஆலைக்குள் எங்கள் பெயிண்ட் ஷாப்பில் எல்லோர் கையிலும் ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். புது ஆலைக்கு மாற்றல் வேண்டுமென்றால் முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். போடாதவர்கள் இங்கேயே இருக்கலாம். ஆனால் நாளைக்கு இந்த ஆலையை மூடினால் அங்கே இடம் கேட்க முடியாது.

ஒன்பது மணி நேர ரயில் தூரம். எனக்கு வாய்த்த உன் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடை இங்கே. என் மகள் ஏழாம் வகுப்பில் இப்போதுதான் ஒரு தோழியைப் பிடித்திருக்கிறாள்.

போடவேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். காரணம் சொன்னால் சிரிக்காதே. ஒரு கார் பத்திரிகையில் ‘பின்சீட்டுக்காரர்’ என்று ஒருவர் மாதாமாதம் எழுதுகிறார். கார் கம்பெனிகள் எந்த வண்டியை ஏன் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள் என்று அலசுகிற மனிதர். இந்த மாதம் எங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வெட்டி எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். நீ படிக்கவேண்டும் என்று கையால் எழுதி அனுப்புகிறேன்:

“சின்ன காரைக் கைவிடும் கம்பெனி, தன் நாளைய வாடிக்கையாளரைக் கைவிடுகிறது. முதல் காரை வேறு இடத்தில் வாங்கியவர் இரண்டாவது காருக்கு இங்கே வரமாட்டார். இது இவர்களுக்குத் தெரியும். புதிய சின்ன காரின் அடியில், முந்தைய மாடலில் இல்லாத எட்டு இணைப்பிடங்கள் இருக்கின்றன. பேட்டரிப் பெட்டியைத் தாங்குவதற்கு அன்றி வேறு எதற்கு? மின்சாரச் சின்ன கார் வரும். அந்தப் பழைய ஆலையிலேயே வரும்.”

அந்த எட்டு இடம் எது என்று நானும் குனிந்து பார்த்தேன். அடியில் ஆயிரம் மடிப்பும் வளைவும் இருக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குத் தெரியாமலா எழுதுவார்? நீ நூலகத்தில் உட்கார்ந்து உலகத்துப் புத்தகத்தையெல்லாம் படிக்கிறவள். இவரை நம்பலாமா, சொல்.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. இரண்டு பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

அவரை நம்பாதே. இப்படி எழுதிவிட்டு, ஏன் என்று எழுத உட்கார்ந்தால் காரணங்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. வாடிக்கையாளரைப் பற்றி அவர் சொல்வது சரிதான் என்றே தோன்றுகிறது. சின்ன காரில் லாபம் குறைவு என்று எல்லாக் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் அதை விட்டு ஓடுகின்றன. அத்தனை பேரும் உயரமான காரையே செய்தால் அத்தனை பேரும் ஒரே வாடிக்கையாளரைத்தான் இழுத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் கம்பெனி அந்தக் கூட்டத்தில் சேராமல் இருந்தால் புத்திசாலி. மேலும், ஓர் ஆலையில் அதிகச் செலவு பிடிப்பது பெயிண்ட் ஷாப்தான் என்று படித்திருக்கிறேன். உங்களுடையதைப் புதுப்பித்து நாலு வருஷம்தான் ஆகிறது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

பார், நம்பாதே என்று தொடங்கி அவர் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். புத்திசாலித்தனமான காரியம் எது என்பது வேறு, ஒரு கம்பெனி என்ன செய்யும் என்பது வேறு. அவர் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவது என்று நினைத்துக்கொள்கிறார். ஷோரூமில் நிற்கும் ஒரு காரை வெளியிலிருந்து பார்த்தவர், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிடு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போடாதே என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கட்டுரையை மட்டும் கணக்கில் சேர்க்காதே. மாமா என்ன சொல்கிறார்?

பூனை

மார்ச் 12

பூனைக்கு,

உன் கடிதத்தை டீ நேரத்தில் வெல்டிங் பிரிவு அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஆமாம், காட்டினேன், கோபித்துக்கொள். எங்கள் மூலையில் அவர்தான் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்பவர்.

“யாரு, உங்க தங்கச்சியா? கார் ஓட்டுவாங்களா?” என்று கேட்டார்.

“சைக்கிளே நேரா ஓட்டமாட்டா” என்றேன்.

“அப்பச் சரி. நம்ம பின்சீட்டுக்காரர் எத்தனை வண்டியை ஓட்டித் தேய்ச்சிருப்பாரு! அவருக்கு மேலிடத்துல ஆள் இருக்குங்க. இல்லாம இவ்வளவு துல்லியமா எட்டுன்னு எழுத முடியுமா?”

மேனேஜரும் பக்கத்தில்தான் நின்றார். டீயை ஊதிக்கொண்டே பலகையில் ஒட்டியதை மறுபடி ஒருமுறை படித்தார். அவரே படிக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? விஷயம் இருக்கிறது என்றுதானே?

நீயோ நம்பாதே என்கிறாய். அப்புறம் அவர் சொன்னதையே உன் வார்த்தையில் சொல்கிறாய். அப்புறம் தெரியாது என்கிறாய். உன்னிடம் வழி கேட்டால், முச்சந்தி வரை கூட்டிக்கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டு ‘யோசி’ என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மாமா என்ன சொல்வார்? கடை இருக்கிறது, கடையை விட்டுவிட்டு வருவாரா? அதைக் கேட்டு வேறு அவரைச் சங்கடப்படுத்த வேண்டுமா?

நேற்று பாரத்தை நிரப்பாமலே மேனேஜர் மேசையில் திருப்பி வைத்துவிட்டேன். என்னைப் பார்த்து என் ஷிப்டில் இன்னும் பதினெட்டுப் பேர் வைத்தார்கள். நான் பொறுப்பாளர் இல்லையா, நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் பெயர்ப் பட்டியலை எடுத்து ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஆனால் மனசு லேசாகிவிட்டது.

அக்கா

மார்ச் 15

அக்கா,

பத்தொன்பது பேர் என்று படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதைப் படிக்கும்போது யாருக்கும் படித்துக் காட்டாதே. உட்கார்ந்து படி.

பின்சீட்டுக்காரர் நான்தான்.

மூன்று வருஷமாக எழுதுகிறேன். ஓட்டத் தெரியாதவள், எந்தக் காரிலும் பின்சீட்டில் உட்காருகிறவள், அதனால் அந்தப் பெயர். ஆசிரியர் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. என்னை ஆண் என்று நினைத்துதான் முதல் கட்டுரையைப் போட்டார், அப்புறமும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் மறைத்தேன் என்றால், அதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. நான் படிப்பதை யாராவது எட்டிப் பார்த்தால்கூடப் புத்தகத்தை மூடுகிறவள் என்று உனக்குத் தெரியும். இது அதைவிடப் பெரிய புத்தகம்.

எனக்கு மேலிடத்தில் ஆள் இல்லை. ஒரு மழை நாளில் ஷோரூமுக்குள் ஒதுங்கினேன். புதிய சின்ன கார் நின்றது. விற்பனைக்காரப் பெண் போனில் இருந்தாள். கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுப்பவள் போல முழங்காலிட்டு அடியில் பார்த்தேன். இரண்டு பக்க ஓரங்களிலும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டி போன்ற பகுதியில், கட்டைவிரல் நகம் அளவில் கறுப்பு ரப்பர் மூடிகள். பக்கத்துக்கு நாலு. இரண்டிரண்டாக, சற்றுச் சாய்வாக. பழைய மாடலில் இல்லை, வீட்டுக்கு வந்து படங்களைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஓட்டை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்றால் பின்னால் எதையோ அங்கே பொருத்தப்போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். மூடிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். இடமில்லை என்று ஆசிரியர் வெட்டிவிட்டு ‘இணைப்பிடங்கள்’ என்பதை மட்டும் விட்டுவைத்தார்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மூன்று வருஷமாக உன்னிடம் ஆலையைப் பற்றி வேண்டுமென்றேதான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உன் வேலையிலிருந்து திருடுவது போல ஆகும், தெரிந்தால் உனக்குத்தான் ஆபத்து என்று நினைத்தேன். அதை நேர்மை என்று நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது வேறு கம்பெனியின் கார் என்றால் எட்டு ஓட்டைகளைப் பார்த்து அவ்வளவு தூரம் போயிருப்பேனா என்று தெரியவில்லை. அது உன் ஆலை. அது இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசையை வைத்துக்கொண்டு குனிந்தேன்.

பாரத்தைத் திரும்ப வாங்கு.

பூனை

மார்ச் 19

ஏய்,

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். முதல் நாள் எழுதியிருந்தால் தபால்காரர் கையைச் சுட்டிருக்கும்.

அந்த ஓட்டை என்னுதுடி!

புரிகிற மாதிரி சொல்கிறேன், எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை. எங்கள் ஷாப்பில் காரின் வெறும் பாடி முழுசாகத் தொட்டியில் முங்கி எழும். துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சு. எழுந்து வரும்போது ஓரத்துப் பெட்டிப் பகுதியில் திரவம் தேங்கி நின்றுவிடும். அப்படியே அடுப்புக்குள் போனால் வழிந்து கோடு கோடாகக் காய்ந்துவிடும். ரெண்டு வருஷம் அதைத் தேய்த்துத் தேய்த்து எங்கள் தோள் கழன்றது. பக்கத்துக்கு நாலு ஓட்டை, சாய்வாகப் போட்டால் வடிந்துவிடும், அப்புறம் ரப்பரால் அடைத்துக்கொள்ளலாம் என்று யோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டேன். படம் வரைந்து போட்டேன். புது மாடலில் சேர்த்தார்கள். சான்றிதழும் ஒரு குடையும் கொடுத்தார்கள். போன வருஷம் உனக்கு எழுத நினைத்தேன். தண்ணீர் வடிகிற ஓட்டையைப் பற்றி உனக்கு என்ன எழுதுவது, நீ பெரிய பெரிய விஷயம் படிக்கிறவள் என்று விட்டுவிட்டேன்.

ஆக, நான் தொட்டித் திரவம் வடிவதற்கு ஓட்டை போட்டேன். நீ அதைப் பார்த்துக் கம்பெனியின் பத்து வருஷத் திட்டத்தைக் கண்டுபிடித்தாய். நான் அதைப் படித்து என் குடும்பத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்தேன். நம் ரெண்டு பேரையும் ஒரே வீட்டில்தானே வளர்த்தார்கள்?

சிரிப்பு வந்தது என்று நினைக்காதே. பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

நேற்று டீ நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். “அந்த எட்டும் நம்ம வடிகால் ஓட்டைங்க. எழுதினது என் தங்கச்சி.”

ஒருத்தரும் நம்பவில்லை. வெல்டிங் அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்தார். “மேடம், மேலருந்து உங்களை இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?”

“இல்லண்ணே, சத்தியமா என் தங்கச்சி.”

“போன வாரம் சைக்கிளே ஓட்டத் தெரியாதுன்னீங்க.”

“ஆமா, தெரியாது!”

“அப்ப எப்படிங்க?”

இப்போது எல்லோரும் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா? எங்களை விரட்டிவிட்டுக் குறைந்த சம்பளத்தில் புது ஆட்களை எடுக்க மேலிடம் என்னை வைத்து நாடகம் ஆடுகிறது, ஆகவே மின்சாரக் கார் நிச்சயம் வருகிறது என்று. என்னால் உறுதி இன்னும் கூடிவிட்டது. உடனே பத்திரிகையில் தப்பு என்று எழுது.

அக்கா

மார்ச் 21

அக்கா,

அடுத்த இதழ் ஏப்ரல் ஐந்தாம் தேதிதான் வரும். ஆசிரியரிடம் கேட்டேன். “ரெண்டு வரி போட்டுடலாம், ஆனா அவசரம் என்ன?” என்றார். அவசரத்தைச் சொன்னேன். “உங்க வாசகர் எண்ணிக்கை எனக்கே இப்பத்தான் தெரியுது” என்றார்.

உன் சான்றிதழைப் பற்றி எழுதியதை நாலு தடவை படித்தேன். நீ எனக்கு எழுதாமல் விட்ட அதே நாட்களில்தான் நானும் உன்னிடம் எதுவும் கேட்காமல் இருந்திருக்கிறேன். இதில் யார் மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் உன் மீதும் கோபப்பட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை.

நான் வருகிறேன். வியாழக்கிழமை காலை ரயிலில். மேனேஜரிடம் சொல்லி உள்ளே விட அனுமதி வாங்கு. கட்டுரையின் கைப்பிரதியும், வெட்டப்பட்ட பத்தியும், அதில் மூடிகளை வரைந்த தாளும் கொண்டுவருகிறேன். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் நான் கடைசியாகப் பேசியது பள்ளிக்கூடத்தில், அதுவும் வருகைப்பதிவுக்கு. நான் தாளைத் தலைகீழாகப் பிடித்தால் பார்க்காதது போல இரு. நான் பாதியில் நிறுத்திவிட்டால் எதுவும் எடுத்துக்கொடுக்காதே. நீ எடுத்துக்கொடுத்தால் மறுபடி நாடகம் என்பார்கள்.

பூனை

ஏப்ரல் 1

பூனைக்கு,

நீ வந்துபோனதிலிருந்து அந்த அரை மணி நேரத்தை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்றுகூட இப்போதுதான் கேட்கிறேன்.

தாளைத் தலைகீழாகத்தான் பிடித்தாய். நான் பார்க்காதது போல இருந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அதனால்தான் நம்பினார்கள் என்று வெல்டிங் அண்ணன் அப்புறம் சொன்னார். “நடிக்கிறவங்க இவ்வளவு மோசமாப் பேசமாட்டாங்க மேடம்.” பாராட்டு என்று வைத்துக்கொள்.

எனக்கு மனசில் நின்றது வேறு. நீ எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, “ஆலை இருக்குமா இருக்காதான்னு எனக்குத் தெரியாது, எப்பவுமே தெரியாது” என்றாய். அப்போது மேனேஜர் கையைத் தூக்கினார் பார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. “அப்ப மின்சாரக் கார் வராதாங்க?” அவர் உன்னைக் கேட்கிறார்! “சார், நீங்களே இந்தப் பொண்ணைக் கேக்குறீங்களா?” என்று அண்ணன் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றதை நீ கவனித்தாயா? மேலே யாருக்காவது தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தோம்.

நீ ரயிலேறிய பிறகு புது பாரம் கேட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். “எடுத்துக்குங்க மேடம். என்னோடதே இன்னும் நிரப்பல” என்றார். அவர் மேசையிலும் உன் கட்டுரை இருந்தது. அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் கேட்டேன். நீ முதல் கடிதத்திலேயே கேட்டாய், நான்தான் கேட்கவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. “கண்ணாடி எல்லா ஊர்லயும்தான் உடையும். போவோம்” என்றார். பதினாலு வருஷத்தில் இந்த மனிதர் ஒரே மூச்சில் சொன்ன நீளமான பேச்சு இது. “ஏன் முதல்லயே சொல்லல?” என்றால் “நீ பலகையில ஒட்டினதைத்தான் படிச்சுக்கிட்டு இருந்த” என்கிறார். மகள் மட்டும் ரெண்டு நாள் பேசவில்லை.

நேற்று கையெழுத்துப் போட்டேன், இந்த மாதக் கடைசியில் அங்கே போய்ச் சேர வேண்டும். பதினெட்டில் பத்துப் பேர் போட்டார்கள், எட்டுப் பேர் போடவில்லை. போடாதவர்களில் என் ஷிப்டில் இருக்கிற வெல்டிங் அண்ணனின் தம்பியும் ஒருவன். “அந்தப் பொண்ணு தெரியாதுன்னுதானே சொன்னாங்க? மூடுவாங்கன்னு சொல்லலையே” என்கிறான். அதுவும் நியாயம்தானே?

நேற்றே கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பும் வந்தது. சின்ன காரைப் பற்றிய முடிவு ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறதாம். இது நல்லதா கெட்டதா? காலையில் எழுந்தால் சரியாகச் செய்தேன் என்று தோன்றுகிறது. குளித்துவிட்டு வருவதற்குள் தப்பு என்று தோன்றுகிறது. கட்டுரை வேண்டாம். முச்சந்தி வேண்டாம். நான் செய்தது சரியா, தப்பா? ஒரு வார்த்தையில் எழுது.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தேன்.

திருத்தம் வந்துவிட்டது. இரண்டு வரி இல்லை, அரைப் பக்கம். ஓட்டைகள் எதற்கு என்று எழுதினேன். யாருடைய யோசனை என்று எழுதவில்லை, நீ சொன்னால் அடுத்த மாதம் எழுதுகிறேன். வாசகர் ஒருவர் அதற்குள் பதில் போட்டுவிட்டார்: இந்தத் திருத்தமே கம்பெனி சொல்லி எழுதியது, ஆகவே மின்சாரக் கார் நிச்சயமாம். ஆசிரியர் சிரித்தார். எனக்கு அந்த மனிதரை நினைத்துப் பயமாக இருந்தது. போன மாதம் நான் அவரைப் போலத்தான் யோசித்தேன்.

இனி எழுதுவேனா என்று கேட்பாய். எழுதுவேன் என்று நினைக்கிறேன். ஒரு கம்பெனி என்பது முன்கூட்டியே எல்லாம் தெரிந்த ஒரே மூளை, வண்டியைப் பார்த்தால் அந்த மூளையைப் படித்துவிடலாம் என்றுதான் மூன்று வருஷமும் எழுதியிருக்கிறேன். இப்போது பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால், இந்த முடிவில் யாருடைய தோள்வலி இருந்தது, எந்த மேனேஜர் யாரைப் பார்த்துக் காத்திருந்தார் என்று கேள்விகள்தான் வருகின்றன. அதை எப்படி எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

உன் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் நீ சரி. இரண்டாவது பக்கத்தில் அண்ணனின் தம்பி சரி. மூன்றாவதில் ஆறு மாதத் தள்ளிவைப்பு என்றால் என்ன என்று தொடங்கி, நடுவில் எனக்கே வழி தெரியாமல் போய்விட்டது. மூன்றையும் கிழித்தேன். ஒரு வார்த்தையில் கேட்டாய்: தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை காலை வருகிறேன். ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டேன். துணிமணிகளைக் கட்டு, புத்தகங்களைக் கட்டு, மாமாவின் பெட்டிகளை அவரே கட்டிக்கொள்வார். பாத்திரங்களை மட்டும் நான் வரும்வரை தொடாதே. நீ எப்போதும் கண்ணாடிச் சாமானை அடியில் வைத்து அதன்மேல் இரும்புச் சட்டியை வைப்பாய். அது தப்பு அக்கா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூனை